ஈறு வீங்கிய செக்ரட்டரி

எங்கள் ஆபீஸில் அவனுக்குப் பெயர் 'செக்ரட்டரி'. எந்தச் சங்கத்துக்கும் அவன் செக்ரட்டரி கிடையாது. யாருக்காவது கல்யாணமா, ரிட்டயர்மென்ட்டா, குழந்தை பிறந்திருக்கிறதா, உடனே ஒரு பிரவுன் கவரை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்து நின்றுவிடுவான். "நூறு ரூபாய்க்குக் குறைஞ்சு வாங்கறதில்லை சார்!" பதினோரு மணி டீக் கணக்கும் அவன் பொறுப்பு. ஜி.எம். உள்பட அவன் நோட்டிலிருந்து யாரும் தப்பித்ததில்லை.

டீ முடிந்ததும் நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஒரு சிகரெட் பிடிப்பேன். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் பேச்சுத் துணைக்குக் கூடவே நிற்பான். ஆறு வருஷம் அப்படி நின்றிருக்கிறான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2019 பிப்ரவரியில் ஒரு நாள், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஈறு வீங்கியிருக்குடா. சூடா எதுவும் இறங்கமாட்டேங்குது."

"கிராம்புத் தைலம் தடவு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். எனக்கும் பல் வைத்தியத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் நம் நாட்டில் வைத்தியம் சொல்ல டிகிரி எதற்கு?

தடவினான். சரியாகவில்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றான். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான். "வருஷ முடிவு டென்ஷன்டா" என்றேன். தொடையில் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே நீலமாக இரண்டு தழும்பு. "ராத்திரி கட்டில்ல இடிச்சிருப்பே." இப்படியே இரண்டு வாரம் போய்விட்டது. ஈறு வளர்ந்து பல்லைப் பாதி மூடிய பிறகுதான் திருவல்லிக்கேணியில் ஒரு பல் டாக்டரிடம் போனோம்.

வயசான டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைத் தொடவேயில்லை.

"தம்பி, இது பல்லு சமாச்சாரம் மாதிரி தெரியலை. மொதல்ல ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. இன்னிக்கே."

அன்றைக்கு அவர் ஃபீஸ்கூட வாங்கவில்லை. பல் டாக்டர் ஃபீஸ் வாங்காவிட்டால் விஷயம் பெரிசு என்று அர்த்தம் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. வெள்ளை அணுக்கள் சாதாரணமாக 4,000-லிருந்து 11,000 வரை இருக்க வேண்டும். இவனுக்கு 86,000. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்தபட்சம் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். இவனுக்கு 22,000.

நாங்கள் இருவரும் அக்கவுன்ட்ஸ்காரர்கள். எண்களைப் பார்த்தால் எது சரியில்லை என்று சட்டென்று தெரிந்துவிடும். ஒன்றும் பேசாமல் ஆட்டோ பிடித்தோம்.

* * *

பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து ரத்தநோய் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"அக்யூட் மானோசைட்டிக் லுகேமியா. ரத்தப் புற்றுநோயில ஒரு வகை. வேகமா வளரும். அதனால வைத்தியமும் வேகமா ஆரம்பிக்கணும். நாளைக்கே."

செக்ரட்டரி ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஏன் டாக்டர்? எனக்கு ஏன்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அதைப் பத்தி நிறையப் பேசலாம். மொதல்ல மருந்தை ஏத்திடுவோம்" என்றார்.

டாக்டர் சொல்லாத பதிலை, மறுநாள் காலை பத்தரைக்குள் எங்கள் ஆபீஸே கண்டுபிடித்துவிட்டது.

"பேன்ட்ரில மைக்ரோவேவ் வெச்சீங்களே, அதான்!" (பர்ச்சேஸ்)

"எதிர் பில்டிங் மொட்டை மாடில செல்போன் டவர்." (டெஸ்பாட்ச்)

"தினம் ஹோட்டல் பரோட்டா." (டிஃபன் பாக்ஸ் கொண்டு வருபவர்கள்)

"மேடவாக்கத்துல ஃபிளாட் புக் பண்ணான்ல? கண் திருஷ்டி." (ஃபிளாட் புக் பண்ணாதவர்கள்)

ஏழரைச் சனி என்று ஒருவர். அவன் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார் இன்னொருவர். இது ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு டம்ளரைக் குப்பையில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா வேறு மாதிரி அழுதார்கள். "சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்தப்போ நான் ஒழுங்காப் பத்தியம் வெக்கலை. அந்த வெனை இப்ப வந்திருக்கு." அவன் அப்பா, பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பைக் வாங்கிக் கொடுத்தது தப்பு என்றார். தினம் பெட்ரோல் வாசனையாம்.

ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். நானும் ஒருவனைப் பிடித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஆறு வருஷமாகப் புகை விட்டுக்கொண்டிருந்த என்னைத்தான்.

* * *

மூன்றாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு செல்போனை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இப்படிக் குற்றவாளி தேடுவது புதுசே இல்லை என்று தெரிந்தது.

1845-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற டாக்டர், இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தத்தில் வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்தார். ரத்தத்தில் சீழ் பிடித்துவிட்டது என்று எழுதி வைத்தார். சீழ் என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து கெடுத்திருக்க வேண்டும் இல்லையா? அதே வருஷம் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற இருபத்துநாலு வயசு இளைஞர் இதே மாதிரி ஒரு கேஸைப் பார்த்தார். சீழெல்லாம் இல்லை, ரத்தத்தின் சொந்த வெள்ளை அணுக்களே அளவு மீறியிருக்கின்றன என்றார். 1847-ல் அவர்தான் 'லுகேமியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் வெள்ளை ரத்தம் என்று அர்த்தம்.

எங்கள் செக்ரட்டரிக்கு வந்த மானோசைட் வகையை 1913-ல் ரெஷாத், ஷில்லிங் என்று இரண்டு பேர் முதலில் விவரித்தார்கள். 1976-ல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் டாக்டர்கள் சேர்ந்து இந்த வியாதிகளுக்கெல்லாம் நம்பர் போட்டபோது, இதற்கு எம்-5 என்று கிடைத்தது. இன்றைக்கும் டாக்டர்கள் பேச்சில் அந்த நம்பர் அடிபடும்.

மானோசைட் என்பது என்ன? நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து எட்டு வரை இவைதான். எலும்பு மஜ்ஜைதான் இவற்றின் ட்ரெயினிங் சென்டர். அங்கே பயிற்சி முடிந்ததும் ஆர்டரை வாங்கிக்கொண்டு ரத்தத்தில் இறங்கும். ஒன்று முதல் மூன்று நாள் வரை ரத்தத்தில் பிரயாணம். அப்புறம் தோல், நுரையீரல், ஈறு என்று எங்கே தேவையோ அங்கே ரத்தக் குழாயிலிருந்து நழுவி வெளியே இறங்கி, 'மேக்ரோஃபேஜ்' என்ற பெருந்தீனிக்காரனாக மாறி வேலையில் உட்காரும். கிருமி, செத்த செல், குப்பை எல்லாவற்றையும் விழுங்கும். செல்கள் இப்படி விழுங்குவதை 1882-ல் இத்தாலியின் மெஸினா நகரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துக் கண்டுபிடித்தார் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1908-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வியாதியில் என்ன ஆகிறது? ஒரே ஒரு ட்ரெயினிக்கு மூளை கெட்டுவிடுகிறது. அவன் ட்ரெயினிங்கை முடிப்பதே இல்லை. வேலை பார்ப்பதில்லை. ரிட்டயரும் ஆவதில்லை. தன்னைப் போலவே இன்னொருவன், அவனைப் போலவே இன்னும் இருவர் என்று பெருகிக்கொண்டே போகிறான். கொஞ்ச நாளில் ட்ரெயினிங் சென்டர் முழுக்க இவன் ஆட்கள். சிவப்பணு செக்‌ஷனுக்கு நாற்காலி இல்லை. அதனால் ரத்தசோகை, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. பிளேட்லெட் செக்‌ஷனுக்கு மேஜை இல்லை. அதனால் இடிக்காமலே நீலத் தழும்பு. வெள்ளை அணு 86,000 இருந்தும் ஒரு கிருமியோடுகூடச் சண்டை போட ஆள் இல்லை. அத்தனை பேரும் மஸ்டர் ரோலில் மட்டும்தான் இருக்கிறார்கள்!

சரி, ஈறு ஏன் வீங்கியது? இதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கமே போனது. ட்ரெயினிங் முடிக்காவிட்டாலும் மானோசைட் குடும்பத்துக்கே உள்ள ஊர் சுற்றும் குணம் மட்டும் இவர்களுக்குப் போவதில்லை. ரத்தத்திலிருந்து வெளியே இறங்கி ஈறு, தோல், சில சமயம் மூளையைச் சுற்றியுள்ள நீர் வரை போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஈறு வீக்கம் இந்த வகை லுகேமியாவின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

அதற்குத்தான் நான் கிராம்புத் தைலம் சொல்லியிருக்கிறேன்.

* * *

வைத்தியம் ஆரம்பித்தது. உலகம் முழுக்க 'ஏழும் மூணும்' என்று சொல்லும் முறை. 1970-களிலிருந்து இருக்கிறது. சைட்டராபின் என்ற மருந்து ஏழு நாள், ராத்திரி பகலாக. டானோரூபிஸின் என்ற மருந்து மூன்று நாள். இரண்டாவது மருந்து ரோஸ் மில்க் எசென்ஸ் மாதிரி சிவப்பு. சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் நாள் பாத்ரூமிலிருந்து வந்தவன், "டேய், ரோஸ் மில்க் குடிக்காமலே ரோஸ் மில்க்டா" என்றான். அதற்கு அடுத்த பத்து நாள் அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. வாயெல்லாம் புண். ஜுரம். தலைமுடி தலையணையில் கிடந்தது.

ஒரு சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிந்து போய்க்கொண்டிருந்த டாக்டரம்மாவை வராந்தாவில் நிறுத்தினேன்.

"மேடம், ஒரு கேள்வி. நான் சிகரெட் பிடிப்பேன். அவன் பக்கத்துலயே நிப்பான். ஆறு வருஷமா. என்னாலயா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"ஆபீஸ்ல என்ன வேலை?"

"அக்கவுன்ட்ஸ் மேடம்."

"நல்லது. கணக்காவே சொல்றேன். உங்க நண்பரோட மஜ்ஜையில குரோமோசோம் டெஸ்ட் பண்ணோம். 9-வது குரோமோசோம்ல ஒரு துண்டும் 11-வதுல ஒரு துண்டும் உடைஞ்சு இடம் மாறியிருக்கு. மாறினதுல ரெண்டு வேற வேற ஜீன் பாதிப் பாதியா ஒட்டிக்கிச்சு. ரெண்டு ஃபைல் கீழ விழுந்து, பர்ச்சேஸ் ஃபைலோட முன்பாதியையும் பர்சனல் ஃபைலோட பின்பாதியையும் சேர்த்துத் தச்சுட்டா எப்படி? அப்படி."

11-வது குரோமோசோமில் உள்ள அந்த ஜீனுக்குப் பெயர் கே.எம்.டி.2ஏ. மஜ்ஜையில் இளம் செல்களுக்கு 'நீ இன்னும் குழந்தைதான், பெருகிக்கொள்' என்று சொல்லும் சில சுவிட்சுகள் உண்டு. 'ஹாக்ஸ்' ஜீன்கள் என்று பெயர். அவற்றைப் போட்டு வைக்கும் விரல் இது. செல் வளர்ந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். தப்பாகத் தைத்த ஃபைலுக்கு அது தெரியாது. சுவிட்சிலேயே விரல் ஒட்டிக்கொள்கிறது. எம்-5 எல்லாருக்கும் இதே உடைப்புதான் என்றில்லை. சிலருக்கு என்.பி.எம்.1 என்று வேறு ஜீனில் பிழை இருக்கும். ஆனால் 11-வது குரோமோசோம் உடைப்புக்கும் மானோசைட் வகைக்கும் நெருக்கம் ஜாஸ்தி.

"அது ஏன் உடைஞ்சுது மேடம்?"

"இப்ப கணக்குக்கு வாங்க. நம்ம மஜ்ஜை ஒரு செகண்டுக்கு எத்தனை சிவப்பணு தயார் பண்ணுது தெரியுமா? சுமார் இருபது லட்சம். நாம இங்க உட்கார்ந்து பேசற நேரத்துல எத்தனை கோடின்னு நீங்களே போட்டுக்கோங்க. ஒரு செல் ரெண்டாகும்போது அறுநூறு கோடி எழுத்தை அப்படியே காப்பி எடுக்கணும். பிழை திருத்த ஆள் இருக்காங்க. ரொம்பத் திறமையானவங்க. ஆனாலும் எங்கயாவது ஒண்ணு தப்பிச்சுடும். உங்க ஆபீஸ்ல ஒரு பிழைகூட இல்லாம பேலன்ஸ் ஷீட் வந்திருக்கா?"

"வந்ததே இல்லை மேடம்."

"அவ்வளவுதான். மஜ்ஜையில இருக்கற தாய் செல் ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்குப் பதினஞ்சு இருபது எழுத்துப் பிழை சேர்ந்துக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்கும், எனக்கும். பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லாத இடத்துல. உங்க நண்பருக்கு விழக்கூடாத இடத்துல விழுந்துடுச்சு."

பிறகு நானே தேடிப் படித்தேன். மனிதப் புற்றுநோய் ஒன்றின் முழு மரபணு எழுத்தையும் முதன்முதலாகப் படித்தது 2008-ல், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில். அது இந்த அக்யூட் மைலாய்ட் லுகேமியா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் செல். உருப்படியாக மாறியிருந்த ஜீன்கள் பத்துதான். 2013-ல் இருநூறு நோயாளிகளைப் பார்த்ததில் சராசரி பதிமூன்று. பெரியவர்களுக்கு வரும் மற்ற புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு. அறுநூறு கோடி எழுத்தில் விரல் விட்டு எண்ணுகிற பிழை! 2015-ல் டொமாசெட்டி, வோகல்ஸ்டைன் என்ற இருவர், எந்த உறுப்பில் தாய் செல்கள் அதிகத் தடவை பிரிகின்றனவோ அங்கே புற்றுநோய் வாய்ப்பும் அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டி, 'துரதிர்ஷ்டம்' என்ற வார்த்தையையே பயன்படுத்தினார்கள். பலர் சண்டைக்கு வந்தார்கள். துரதிர்ஷ்டம் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? குற்றவாளி வேண்டுமே!

டாக்டரம்மா விடவில்லை. "காரணமே கிடையாதுன்னு நான் சொல்லலை. நிரூபிச்ச காரணங்கள் இருக்கு" என்று விரலை மடக்கினார்.

ஒன்று, கதிர்வீச்சு. 1945-க்குப் பிறகு ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களிடம் சில வருஷங்களிலேயே லுகேமியா கூடியது.

இரண்டு, பென்சீன். துருக்கியில் இஸ்தான்புல் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளிகள் பென்சீன் கலந்த பசையைக் காற்றோட்டமில்லாத அறையில் நாளெல்லாம் முகர்ந்தார்கள். அவர்களுக்கு லுகேமியா வருவதை முஸாஃபர் அக்ஸாய் என்ற டாக்டர் 1970-களில் எடுத்துக் காட்டினார். இப்போது இந்தியப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. பைக்குக்கு வாரம் ஒரு தடவை பெட்ரோல் போடுகிறவனை அந்தச் செருப்புத் தொழிலாளிகளோடு சேர்க்க முடியாது.

மூன்று, வேறு புற்றுநோய்க்கு முன்னாலேயே எடுத்துக்கொண்ட மருந்துகள்.

நான்கு, சிகரெட். அதன் புகையிலும் பென்சீன் இருக்கிறது.

"இது பிடிக்கறவருக்கு. பக்கத்துல நின்னவருக்கு வந்ததுக்கு நீங்கதான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது. நானும் தர மாட்டேன். பிடிக்கறவங்கள்லயே பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதில்லை. பிடிக்காத நிறையப் பேருக்கு வருது. மைக்ரோவேவ், செல்போன் டவர், பரோட்டா இதெல்லாம் எங்க லிஸ்ட்லயே இல்லை." எழுந்தார். "ஆனா சிகரெட்டால உங்களுக்கு என்ன வரும்னு வேணா எழுதித் தர்றேன். பேப்பர் இருக்கா?"

"கிராம்புத் தைலம் மேடம்?" என்றேன்.

"அதுக்கு வேணா வெட்கப்படுங்க. ரெண்டு வாரம் போச்சு. நல்லவேளை, கைமீறிப் போகலை. இனிமே யாருக்கும் வைத்தியம் சொல்லாதீங்க."

* * *

ரத்தம் கொடுக்கும் ஹாலில் ஒரு டீச்சரம்மாவைப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயசு. மூன்று வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர். இப்போது செக்ரட்டரிக்கு வந்த அதே எம்-5. அப்போது அவருக்குக் கொடுத்த டாக்ஸோரூபிஸின் என்ற மருந்து, புற்று செல்லின் மரபணு இழையை வெட்டிக் கொல்லும். எப்போதாவது மஜ்ஜையில் ஒரு நல்ல செல்லையும் வெட்டிவிடும். அந்த வெட்டு 11-வது குரோமோசோமில் அந்தக் குறிப்பிட்ட ஜீனில் விழுந்து, தப்பாக ஒட்டிக்கொண்டால், ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் லுகேமியா. இப்படி ஆவது அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், செக்ரட்டரிக்குப் போட்ட சிவப்பு மருந்து டானோரூபிஸின் அதே மருந்தின் உடன்பிறப்பு.

அந்த ஹாலில் காரணம் இன்னதென்று சொல்ல முடிந்த ஒரே ஆள் அவர்தான். "அந்த மருந்து மேல கோவம் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சிரித்தார். "மூணு வருஷம் குடுத்துச்சேப்பா. பொண்ணு கல்யாணத்தைப் பார்த்துட்டேன். இல்லேன்னா அதுவும் கெடையாது."

ஜூன் மாதம் அந்த நாற்காலி காலியாக இருந்தது. செக்ரட்டரி கேட்டான். நர்ஸ் பதில் சொல்லாமல் ஊசியை எடுத்தார். அவன் அதற்கப்புறம் என்னிடம் 'ஏன் எனக்கு' என்று கேட்டதே இல்லை.

* * *

குற்றவாளி தேடுவதை விட்ட பிறகு, செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது.

முதல் வேலை பிளேட்லெட். மருந்து ஏறினால் கெட்ட செல்லோடு நல்லதும் போய்விடும். மஜ்ஜை திரும்ப எழுந்திருக்க மூன்று வாரம் போல ஆகும். அதுவரை பிளேட்லெட் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஸ்டாக் வைக்க முடியாது, ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவனுடைய டீக்கணக்கு நோட்டையே எடுத்தேன். அதில்தான் எல்லார் பெயரும் இருந்ததே! எதிரே ரத்த குரூப்பை எழுதி, பிரவுன் கவருக்குப் பதில் நோட்டோடு மேஜை மேஜையாகப் போய் நின்றேன்.

"ஒரு கையில ரத்தம் எடுத்து, மெஷின்ல பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடுவாங்க சார். ஒண்ணரை மணி நேரம். ஐம்பது கிலோ எடை இருக்கணும்."

டெஸ்பாட்ச் வந்தது. பர்ச்சேஸ் வந்தது. டம்ளரைக் குப்பையில் போட்ட மனுஷர் மூன்று தடவை வந்தார். ஜி.எம்.முக்கு வயசு அறுபதை நெருங்கிவிட்டது, மாத்திரை வேறு சாப்பிடுகிறார், எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அன்றைக்கு டிரைவரை அனுப்பிக் கொடுக்க வைத்துவிட்டு, தான் வெளியே உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றில் மஜ்ஜை சுத்தமானது. ஆனால் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு மறுபடி கிளம்பும், அதனால் மாற்று மஜ்ஜை வைப்பதுதான் நல்லது என்றார்கள். இந்தியாவில் இது 1983-ல் மும்பை டாடா மெமோரியலிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கிய சிகிச்சை. உடன்பிறந்தவர் ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். பெங்களூர் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. தஞ்சாவூர் அக்காவுக்கு அச்சாகப் பொருந்தியது.

அக்கா ஒரு பெட்டி நிறைய முறுக்கோடு வந்து இறங்கினார். நாலைந்து நாள் ஊசி போட்டு, மஜ்ஜையின் தாய் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, பிளேட்லெட் எடுப்பது மாதிரியே மெஷினில் எடுத்தார்கள். ஆபரேஷன் எதுவும் இல்லை. செக்ரட்டரிக்கு அதை ரத்தம் ஏற்றுவது மாதிரி ஏற்றினார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரமும் பிந்தின மூன்று மாதமும் 'இவ்வளவுதான்' இல்லை. அக்காவின் செல்கள் புது வீட்டில் எல்லாவற்றோடும் சண்டை போட்டன. தோலெல்லாம் தடிப்பு, குடலில் எரிச்சல். "சின்ன வயசுலயே என்னைப் போட்டு அடிப்பாடா. இப்ப உள்ள பூந்து அடிக்கறா" என்றான். அந்தச் சண்டையில் கொஞ்சம் நல்லதாம். மிச்சமிருக்கும் கெட்ட செல்லையும் அதுதான் தேடிப் பிடித்து அடிக்கும்.

அவன் பி பாசிட்டிவ். அக்கா ஓ பாசிட்டிவ். இப்போது அவனும் ஓ பாசிட்டிவ்! அவன் ரத்த செல்லை எடுத்துக் குரோமோசோம் பார்த்தால் பெண் என்று வரும். குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசியெல்லாம் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். "முப்பத்திரெண்டு வயசுல போலியோ ஊசிடா" என்று தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. டாக்டரம்மா செக்கப்பை வருஷத்துக்கு ஒரு தடவை ஆக்கிவிட்டார். போன தடவை போனபோது, சுவிட்சில் ஒட்டிய அந்த விரலை எடுக்கவே ரெவுமெனிப் என்று ஒரு மாத்திரை 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். வியாதி திரும்பி வந்தவர்களுக்கு. "உங்களுக்கு வேண்டாம். தெரிஞ்சு வெச்சுக்கோங்க" என்றார்.

அவனுக்கு அக்கா இருந்தாள். ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு? எங்கேயோ இருக்கும் ஒரு அந்நியரின் செல் பொருந்தலாம். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தால்தானே தெரியும்? அப்படி ஒரு பதிவேடு, 'தாத்ரி' என்று, 2009-ல் சென்னையில் ஆரம்பித்தார்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்துக் கொடுத்தால் போதும். எங்கள் ஆபீஸில் பதினேழு பேர் கொடுத்திருக்கிறோம். வசூல் செய்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இப்போதும் பதினோரு மணிக்கு டீ. நான் சிகரெட்டை விட்டுவிட்டேன். மூன்று தடவை முயன்று, நாலாவது தடவை. அதனால் மாடிப்படித் திருப்பத்துக்குப் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் போய் நிற்கிறோம், ஒரு ஐந்து நிமிஷம்.

ஒரு நாள் அங்கே வைத்து அவனிடம் சொல்லிவிட்டேன். "உனக்கு வந்தது என் சிகரெட்டாலதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்டா."

என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"போடா லூசு. அது இருக்கட்டும், இந்த மாசக் கணக்கு 640 ரூபா பாக்கி இருக்கு. எப்பத் தர்றே?"